அதிகபட்சம் நாலு

பச்சைக் கோடு நாற்பத்தொரு சதவீதத்தில் நின்று முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

நெடுஞ்செழியன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி நின்றார். முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்தில் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்டைப் பார்க்கிற பார்வை அது. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது. பதறாமல் வெளியே எடுக்கவேண்டும்.

உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது ஒரு முழுக் கல்யாணம்.

"இன்னா சார், நவுந்துச்சா?" என்று வாசலிலிருந்து தேசம்மா கேட்டாள்.

"இல்ல."

"நேத்தும் அங்கதான நின்னுக்கினு இருந்துச்சு."

தேசம்மா நொச்சிக்குப்பத்திலிருந்து மீன்கூடையோடு வருபவள். பதினாலு வருஷமாக மந்தைவெளியில் இந்த மூன்றாம் மாடி வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். கூடையோடு லிஃப்ட்டில் ஏறினால் அவளை இரண்டு பேராகத்தான் கணக்கில் எடுக்கவேண்டும் என்று குடியிருப்போர் கூட்டத்தில் நெடுஞ்செழியன் எழுத்துமூலம் பதிவு செய்திருக்கிறார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வஞ்சிரத்துக்கும் ஒரு மரியாதை வேண்டாமா என்பாள்.

திரைக்குள் இருந்தது அவள் மகள் முத்துமாரியின் கல்யாணம். அந்த வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்த்தவள் நெடுஞ்செழியனின் மனைவி சீதா. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பாதி சீதாவின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துதான் படமாக வெளியே வந்திருக்கின்றன. முத்துமாரி கல்யாணம்தான் அவள் கடைசியாகச் செய்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அவரைக் கூப்பிட்டு, எல்லாம் முடிந்தது, பட்டனை அழுத்தினால் படமாக வந்துவிடும், அதை மட்டும் செய்து தேசம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். அவர் தலையாட்டினார். திரும்பி வந்து அவளே அழுத்திக்கொள்வாள் என்று நினைத்திருந்தார்.

அது எட்டு மாதத்துக்கு முன்பு.

தேசம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. இந்த வாரம்தான் அவசரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முத்துமாரிக்கு வளைகாப்பு. காசிமேட்டிலிருந்து சம்பந்தியம்மா வருகிறாள். கல்யாணத்தன்று தனக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை என்று அந்த அம்மாள் ஒன்றரை வருஷமாக இரண்டு குப்பங்களிலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தேசம்மா வீட்டாருக்கு மரியாதை தெரியாது என்பது கிட்டத்தட்ட ஊர்ஜிதமாகிவிட்டது. புகுந்த வீட்டில் முத்துமாரி இதைக் கேட்காத நாளில்லை. ஆனால் அந்த அம்மாள் முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்திருந்ததை சீதா வீடியோவில் பார்த்திருக்கிறாள். மூணாவது துண்டு வஞ்சிரத்துக்கு இலையைத் தட்டிக் கேட்கிறார்கள், தேசம்மா, காதில் ஜிமிக்கி ஆடுகிறது என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்த வீடியோத் துண்டை மட்டும் எப்படியாவது தேடி எடுத்துக் கொடுத்துவிடவா என்று நெடுஞ்செழியன் கேட்டுப் பார்த்தார்.

"போலீஸ் ஸ்டேசன்ல காட்ற மாதிரி ஆயிடும் சார்," என்றாள் தேசம்மா. "பாட்டோட முழுசா ஓடணும். எல்லாரும் பார்த்துக்கினு இருக்க சொல்லோ அதுவா வரணும். நான் ஒரு வார்த்த பேசக்கூடாது."

நெடுஞ்செழியன் மறுபடியும் கோட்டைப் பார்த்தார். நாற்பத்தொன்று. நின்றுபோன இயந்திரத்துக்கு முதல் உதவி மெயினை அணைப்பது. அணைத்தார். இது ஆறாவது தடவை. அடுத்த முறை கோடு மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பும்.

அந்தக் கம்ப்யூட்டர் வாங்கின புதிதில் நன்றாகத்தான் ஓடியது. 2018-ல் அடையாறில் ஒரு கடையில் வாங்கியது. ஒரு மாதம் போவதற்குள் மந்தமாகிவிட்டது. கடைக்காரனுக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுத அவர் உட்கார்ந்தபோது சீதாதான் தடுத்தாள். எனக்கு இதுவே போதும், விடுங்க என்றாள்.

மெதுவாக ஓடியதால் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பட்டனை அழுத்தியதும் சீதா உள்ளிருந்து, "ஏங்க, கோடு ஓடுது" என்று குரல் கொடுப்பாள். ஓடுகிற இயந்திரத்தை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது விதி. நெடுஞ்செழியன் பேப்பரை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, இரண்டு தம்ளரில் காபி கலந்து எடுத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் டியூட்டிக்கு உட்கார்ந்துவிடுவார். கோடு முடியும்வரை சீதா ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். இந்த மாப்பிள்ளைக்கு யார் இந்தக் கோட்டைத் தைத்தது, அந்த மாமி தாலி கட்டும்போது எதற்குச் செருப்பைத் தேடுகிறாள், நம் பெண் ஏன் நேற்று போனில் சரியாகப் பேசவில்லை. அவர் பச்சைக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வார். சின்னக் கல்யாணம் என்றால் ஒரு மணி நேரம். பெரிது என்றால் மூன்று. அப்போதெல்லாம் கோடு ஒரு தடவைகூட வழியில் நின்றதாக அவருக்கு ஞாபகமில்லை.

எனவே இப்போது ஏதோ பழுது. செவ்வாய்க்கிழமை காலை அவர் முறைப்படி ஆய்வு செய்தார். கம்ப்யூட்டரைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்தார். மெமரி என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று, பொருத்தப்பட்டது. அடைப்புக்குள் இன்னொன்று, பயன்படுத்தக்கூடியது. லிஃப்ட்டில் கயிறு எவ்வளவு தாங்கும் என்பது வேறு, எத்தனை பேர் ஏற அனுமதி என்பது வேறு. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்ள வேண்டியது அனுமதி அளவைத்தான். அதை மட்டும் எழுதிக்கொண்டார். நாலு ஜி.பி.

நிறுவிய இயந்திரத்தை இடம்பெயர்க்கக் கூடாது என்பதால் கம்ப்யூட்டர் வீட்டிலேயே இருந்தது. அறிக்கை மட்டும் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனது.

அங்கே அக்பர் பாஷாவின் கடை, ஒருவர் உள்ளே போக இன்னொருவர் வெளியே வரவேண்டிய அகலம். சீதா மவுஸ், கீபோர்டு எல்லாம் அங்கேதான் வாங்குவாள். அக்பர் பாஷா அறிக்கையை இரண்டு முறை படித்தார். அதில் 'இயந்திரத்தின் பொதுவான நிலை: திருப்திகரம்' என்று ஒரு வரி இருந்தது.

"நாலுல என்ன சார் ஓடும். இப்ப போனுக்கே எட்டு," என்று சொல்லி, பதினாறு ஜி.பி. ரேம் இரண்டு எடுத்துக் கொடுத்தார். பழசைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதைச் செருகினால் போதும்.

வீட்டுக்கு வந்து கழற்றினார். பழைய பட்டைகள் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்தார். புதியதைச் செருகினார். திரை கறுப்பாக இருந்தது. பெட்டி மூன்று முறை கீச்சிட்டது.

"அழுவுது சார்," என்றாள் தேசம்மா.

இன்னும் அழுத்திச் செருகியபோது 'டக்' என்று உட்கார்ந்து, திரை வந்தது. நெடுஞ்செழியன் அடைப்புக்குள் இருந்த எண்ணைப் பார்த்தார். நாலு. பட்டனை அழுத்தினார். கோடு கிளம்பியது. நாற்பத்தொன்றில் நின்றது.

புதன்கிழமை இரண்டாவது அறிக்கை ரிச்சி தெருவுக்குப் போனது.

அக்பர் பாஷா இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கரெக்டா நாலுல நிக்குதா சார்? அஞ்சு, ஆறுன்னு எதுவும் ஏறல?"

"நாலு."

"அப்ப அது கம்பிக் கணக்கு சார். ரேம் மேல தப்பில்ல. பிராசஸர் அவ்ளோதான் தூக்கும்."

நெடுஞ்செழியன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தூக்கும் அளவு என்ற பேச்சு வந்துவிட்டது. இனி அவசரப்பட முடியாது.

அக்பர் பாஷா பொறுமையாகச் சொன்னார். பிராசஸர் மெமரியில் ஒன்றை வைக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்றால் கதவு எண் சொல்லித்தான் கேட்கும். அந்த எண் கம்பி வழியாகப் போகிறது. ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரம் இருக்கும், அல்லது இருக்காது. ஒரு கம்பி என்றால் இரண்டு வீட்டுக்கு எண் கொடுக்கலாம். இரண்டு கம்பிக்கு நாலு வீடு. மூன்றுக்கு எட்டு. பழைய பிராசஸர்களுக்கு முப்பத்திரண்டு கம்பி. அது சரியாக நாலு ஜி.பி.யில் போய் முடியும்.

"அதுக்கு மேல நீங்க வீடு கட்டலாம் சார். ஆனா கதவு நம்பர் கிடையாது. நம்பர் இல்லாத வீட்டுக்கு எவன் போவான்?"

சரிபார்க்காத கணக்கை நெடுஞ்செழியன் ஏற்பதில்லை. அறிக்கையின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு, நாலு என்று முப்பத்திரண்டு முறை இரட்டித்துக்கொண்டே போனார். வெளியே இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வேறு கடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். கடைசியில் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு வந்தது. அடிக்கோடிட்டார்.

"சரியாத்தான் இருக்கு. கம்பியக் கூடப் போட்டிருக்க வேண்டியதுதான? எதுக்கு முப்பத்திரண்டோட நிறுத்தினான்?"

"ஆறு மாடிக் கட்டடத்துக்கு அறுபது பட்டன் வெச்ச லிஃப்ட் போடுவீங்களா சார்?"

நெடுஞ்செழியன் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஓய்வு பெற்ற ஒன்பது வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார். அதேதான் சார் என்றார் அக்பர் பாஷா. கம்பி ஒன்று கூடினால் பிராசஸருக்கு ஒரு கால் கூடுகிறது, போர்டில் அதற்கு ஒரு பாதை போடவேண்டும், உள்ளே அதைக் கவனிக்க ஒரு ஏற்பாடு வேண்டும். எல்லாம் செலவு. அந்தக் காலத்தில் நாலு ஜி.பி. என்பதே யாரும் பார்த்திராத பெரிய மாளிகை. இப்போது வருகிற பிராசஸர்களில் கம்பி ஏராளம். ஆனாலும் அளவு போட்டுத்தான் விற்கிறார்கள். ஏனென்றால் தயாரிக்கிறபோது கடையில் கிடைக்கிற பெரிய ரேம் எதுவோ அதைப் போட்டுத்தான் சோதித்துப் பார்க்க முடியும். சோதித்த அளவைத்தான் எழுதுவான். இரண்டு வருஷம் கழித்து அதைவிடப் பெரிய ரேம் வந்து, அதைச் செருகினால் ஓடவும் ஓடும்.

"ஓடும் சார். ஆனா அவன் கையெழுத்து போடமாட்டான்."

"போடவே கூடாது," என்றார் நெடுஞ்செழியன்.

அவர் போட்டதில்லை. தியாகராய நகரில் அவருடைய சொந்தக் கல்யாண வரவேற்பு நடந்த மண்டபத்தில், ஆறு பேர் லிஃப்ட்டில் ஏழாவதாக ஏறியவரை, மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டே இறக்கிவிட்டவர் அவர். இறங்கியவர் சீதாவின் அப்பா. கதவு மூடி லிஃப்ட் கிளம்பியதும் பக்கத்தில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சீதா சிரித்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்பர் பாஷா இன்னும் முடிக்கவில்லை. வியாபாரமும் ஒன்று இருக்கிறது என்றார். "எங்க திருவல்லிக்கேணி மெஸ்ல பாருங்க. ஒரே அண்டா, ஒரே சாம்பார். கீழ அளவுச் சாப்பாடு, மாடியில ஏ.சி.யில அளவில்லாச் சாப்பாடு. பெரிய கம்பெனிக்கு விக்கிற பிராசஸர் மாடியில. நீங்களும் நானும் கீழ."

பிறகு கம்ப்யூட்டர் எந்த வருஷத்தது என்று கேட்டார். 2018 என்றதும் அவர் முகம் மாறியது. 2018-ல் முப்பத்திரண்டு கம்பியா, யாரோ பழைய சரக்கை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் சார் என்றார். கடிதம் எழுதவிடாமல் சீதா தடுத்தது நெடுஞ்செழியனுக்கு ஞாபகம் வந்தது. நல்ல மனசுதான், ஆனால் இப்படித்தான் ஏமாற்றிவிடுகிறார்கள்.

புதிய பிராசஸர் வாங்கிக்கொண்டு வந்தார். அதன் கால்கள் பழைய போர்டின் குழியில் உட்காரவில்லை. வியாழக்கிழமை புதிய போர்டு வாங்கினார். அதில் பிராசஸர் உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை வாங்கிய ரேம் உட்காரவில்லை. இந்தப் போர்டில் வெட்டு வேறு இடத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை ரேமை மாற்றிக்கொண்டு வந்தார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண் அவரைப் பார்த்ததும் எங்கே என்று கேட்காமலே சிந்தாதிரிப்பேட்டைக்கு அடித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இதற்கெல்லாம் வெளிப்பெட்டியையும் மாற்றிவிடுங்கள், காற்றோட்டம் போதாது என்று அக்பர் பாஷா சொன்னார். அதற்கு நெடுஞ்செழியன் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. முகம் கழுவப் போகும்போது சீதா எடுத்து ஒட்டி வைப்பது. கடைசியாக ஒட்டியதை அவள் திரும்ப எடுக்கவில்லை.

எனவே பெட்டியின் ஒரு பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே டேபிள் ஃபேனை நிறுத்தினார். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் பழையபடியே மாட்டினார். அதில் ஒரு புள்ளியைக்கூட அழிக்கவோ மாற்றவோ கூடாது என்று கடைக்குக் கொண்டுபோன அறிக்கையிலேயே எழுதியிருந்தார். அது சீதாவினுடையது.

சனிக்கிழமை காலை எல்லாம் கூடி நின்றது. தேசம்மா மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். நெடுஞ்செழியன் விவரப் பக்கத்தைத் திறந்தார்.

அடைப்புக்குள் நாலு.

"எனக்கு ஒண்ணும் புரியல சார்," என்றாள் தேசம்மா. "எல்லாம் புச்சாதான கீது?"

அவருக்கும் புரியவில்லை. பட்டனை அழுத்தினார். கோடு கிளம்பியது. ஃபேன் காற்றில் காலண்டர் படபடத்தது. நாற்பத்தொன்றில் கோடு நின்றபோது தேசம்மா போய் மீன் ஆய உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து, அம்மாவே இல்லாமல் போய்விட்டார்கள், படம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, நீங்கள் இப்படி அலையாதீர்கள் என்றாள். சம்பந்தியம்மா பேசுவதைப் பேசிக்கொண்டு போகட்டும். அவள் அப்படிச் சொன்னதுதான் நெடுஞ்செழியனுக்குத் தாங்கவில்லை. சீதா ஒருவரிடம் ஒப்புக்கொண்டு செய்யாமல் விட்டது என்று ஒன்றுகூட இல்லை. கடைசி ஒன்றை அவரை நம்பி விட்டுப் போயிருக்கிறாள்.

போனில் விஷயத்தைக் கேட்டு அக்பர் பாஷா பயந்துபோனார். "புது பிராசஸர்லயும் நாலா? வாய்ப்பே இல்ல சார்." தன் மகள் நாஸியா தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், நாளைக்கு லீவுதான், நேரிலேயே அனுப்புகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நாஸியா வந்தாள். திறந்து கிடந்த பெட்டியையும் அதற்குக் காற்று வீசிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனையும் பார்த்தாள். நோயாளியை விசாரிக்க வந்தவள் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஹார்ட் டிஸ்க் மட்டும் பழசா அங்கிள் என்று கேட்டாள்.

"அது சீதாவோடது. அதுல கை வைக்கக்கூடாது."

"வைக்கல அங்கிள். படிச்சு மட்டும் பாக்குறேன்."

அவள் எங்கெங்கோ போய், கடைசியில் ஒரு சின்னக் கட்டத்தைத் திறந்தாள். அதிகபட்ச மெமரி என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக். அதற்கு எதிரே ஒரு எண். 4096.

"இதுதான் அங்கிள் உங்க நாலு ஜி.பி. இத கம்பெனிக்காரன் போடல. யாரோ கையால போட்டிருக்காங்க."

நெடுஞ்செழியனுக்கு அவள் விளக்கிச் சொன்னாள். பிராசஸர் எவ்வளவு தூக்கும் என்பது வேறு கதை. இது, உள்ளே எவ்வளவு இருந்தாலும் நாலுக்கு மேல் தொடாதே என்று கம்ப்யூட்டருக்குப் போட்ட உத்தரவு. உத்தரவு டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க்கை எந்தப் போர்டில் மாட்டினாலும் உத்தரவும் கூடவே போகும். கழற்றிய பழைய ரேம், பிராசஸர் எல்லாம் எங்கே என்று கேட்டாள். அவர் தேதியிட்ட கவர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். லேபிள்களைப் படித்துவிட்டு நாஸியா ரேம் இரண்டையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"எட்டு, எட்டு. முதல் நாள்லேருந்தே உள்ள பதினாறு இருந்திருக்கு அங்கிள். பழைய பிராசஸரும் அறுபத்திநாலு வரைக்கும் தூக்கும். நீங்க எதுவுமே வாங்கியிருக்க வேணாம்."

பொருத்தப்பட்டது, பயன்படுத்தக்கூடியது என்று அந்தப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருந்தன. முதலாவதை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை.

"அப்ப அந்த நாப்பத்தொண்ணு?"

"அந்த எடத்துல ஆன்ட்டி நிறைய பாட்டு, எஃபெக்ட்டு எல்லாம் சேர்த்திருக்காங்க. நாலுல அது நகர்றது கண்ணுக்குத் தெரியாது. அணைக்காம விட்டிருந்தா ரெண்டு, மூணு மணி நேரத்துல தானா முடிஞ்சிருக்கும்."

"சீதா இருந்தப்ப ஒரு தடவகூட நின்னதில்லயே."

"நின்னிருக்கும் அங்கிள். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

அவர் தலையாட்டியதும் அவள் டிக்கை எடுத்தாள். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வந்தது. சீதா விட்டுப்போன பட்டனை அழுத்திவிட்டு, "கோடு ஓடுது அங்கிள்" என்றாள்.

நெடுஞ்செழியன் பேப்பரை மடித்து வைத்தார். சமையலறைக்குப் போனார். பால் பொங்கியது. இரண்டு தம்ளரில் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து பார்த்தபோது திரையில் கோடே இல்லை. முடிந்துவிட்டது என்று அறிவிப்பு இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவர் தம்ளர்களோடு நின்றார். நாஸியா எழுந்து ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

"ஆறு நிமிஷம்," என்றாள் பெருமையாக.

"ரொம்ப வேகம்," என்றார் அவர்.

பதினோரு மணிக்குத் தேசம்மா வந்தாள். வளைகாப்பு நாள் என்றாலும் கூடையோடுதான் வந்தாள். காலையில் நாலு வீட்டுக்கு மீன் கொடுக்காவிட்டால் தனக்குப் பொழுது விடியாது என்றாள். படத்தை ஓட்டிக் காட்டினார்கள். முதல் பந்தி. முதல் இலை. பச்சைப் பட்டில் சம்பந்தியம்மா. ஒரு துண்டு, இரண்டு துண்டு, பிறகு இலையைத் தட்டி மூன்றாவது. சீதா அந்த இடத்தில் நாதஸ்வரத்தை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தாள். ஜிமிக்கி ஆடியது.

தேசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். இன்னொரு தடவையும். பிறகு பென்டிரைவை வாங்கி முந்தானை முனையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சாயங்காலம் இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்றாள். நாஸியாவுக்கு வளையல் எடுத்து வைப்பதாகச் சொன்னாள். நாஸியா, பழைய பிராசஸர், பழைய ரேம் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லி மறுபடி மாட்ட ஏற்பாடு செய்கிறேன், புதியதைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனாள்.

தேசம்மா வாசலில் கூடையைத் தலைக்கு ஏற்றும்போது, நெடுஞ்செழியன் மேஜையில் வெள்ளைத் தாளை வைத்து, பேனாவின் மூடியைத் திறந்திருந்தார். எழுதிய வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். தங்கள் நிறுவனத்தில் 2018-ஆம் ஆண்டு வாங்கப்பட்ட மேற்படி இயந்திரத்தின் திறனை, வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி, யாரோ ஒரு விஷமி வேண்டுமென்றே நான்கில் ஒரு பங்காகக் குறைத்து வைத்ததன் காரணமாக, என் மனைவி ஏழாண்டுகள் சொல்லொணாத் தாமதத்துக்கு ஆளானார்.

"யார் மேல சார் பெட்டிசன்?" என்று தேசம்மா கேட்டாள்.

"அந்த அடையாறு கடைக்காரன் மேல. மெஷினக் கட்டிப்போட்டு வித்திருக்கான். இத விட முடியாது."

தேசம்மா கூடையைத் திரும்பவும் கீழே இறக்கி வைத்தாள்.

"அவன் இன்னா பண்ணான் சார். கொறைச்சது அம்மாதான், நான் இங்கதான் குந்திக்கினு மீன் ஆஞ்சிக்கினு இருந்தேன். ரொம்ப வேகமா ஓடுது தேசம்மா, சார் பேப்பர மடிச்சு வெச்சிட்டு எழுந்து வர்றதுக்குள்ள முடிஞ்சி பூடுதுன்னாங்க."